குதிரைமீது காவல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள சிறு கோவில்கள் பலவற்றில் மதுரை வீரன் வெள்ளைக் குதிரைமீது வாளேந்தி அமர்ந்திருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஐயனார் கோவிலுக்குச் சுடுமண் குதிரைகளைச் செய்து வைப்பது வழக்கம். இரவு வேளையில் ஐயனார் குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றி வருவார் என்றும், அதனால் ஊருக்குத் தீங்கு நேராது என்றும் மக்கள் நம்பினர். காவலையும் குதிரையையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் தமிழர்க்குப் பழையது. குதிரைகள் கடல் வழியே வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பரி, புரவி, இவுளி, மா எனக் குதிரைக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு.

இன்றும் உலகின் பல நகரங்களில் காவலர்கள் குதிரைமீது ரோந்து வருகிறார்கள். அரச மலேசியக் காவல் படையிலும் குதிரைப் பிரிவு உண்டு. கோலாலம்பூரில் இஸ்தானா நெகாராவின் நுழைவாயிலில் குதிரைமீது அசையாமல் வீற்றிருக்கும் காவலர்களை மாணவர்கள் பலர் பார்த்திருப்பர். அவர்கள் இராணுவத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களின் பணி அரண்மனைச் சடங்கைச் சார்ந்தது. காவல் துறைக் குதிரைகளின் பணி வேறு. சாலையிலும் பூங்காவிலும் கடற்கரையிலும் திருவிழாக் கூட்டத்திலும் அவை மக்களுக்கு நடுவே நடந்து செல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிளும் கண்காணிப்புக் கேமராவும் வந்துவிட்ட காலத்தில் காவல் துறைக்குக் குதிரை எதற்கு என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, முதலில் குதிரையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும்.

குதிரையின் குணம்

“குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை” என்பது பழமொழி. முரட்டுக் குணமுள்ள குதிரைக்குக் கொம்பும் இருந்தால் அது எல்லாரையும் முட்டித் தள்ளிவிடும் என்பது இதன் கருத்து. ஆயினும், குதிரையைக் கூர்ந்து கவனித்தவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். குதிரை அடிப்படையில் அச்சமுள்ள விலங்கு. அது பரந்த புல்வெளிகளில் மந்தையாக வாழ்ந்து வந்தது. ஓநாய் போன்ற கொன்றுண்ணிகள் நெருங்கியபோது அதனைக் காப்பாற்றியவை அதன் கால்களே. எதிர்த்துப் போரிடுவதைவிட ஓடித் தப்பிப்பதே அதன் முதல் எண்ணம்.

குதிரையின் உடலமைப்பும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. ஆகவே, கழுத்தைத் திருப்பாமலேயே சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னே ஒரு சிறு பகுதியும் வாலுக்கு நேர் பின்னே ஒரு சிறு பகுதியும் மட்டுமே அதன் பார்வைக்குத் தப்பும். காதுகளைத் தனித்தனியாகத் திருப்பி, ஒலி வரும் திசையை அறிந்துகொள்ளும். நின்றுகொண்டே கண்ணயரும், ஆபத்து வந்தால் எழுந்து நிற்கும் நேரம்கூட வீணாகக் கூடாது அல்லவா?

இத்தகைய விலங்கு நகரத்தில் என்ன உணரும்? கம்போங் மேடான் போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியில் இரவுச் சந்தை கூடும் ஒரு மாலைப் பொழுதைக் கற்பனை செய்து பார்க்கலாம். மேடான் என்னும் மலாய்ச் சொல் திடலைக் குறிக்கும். திறந்த திடலில் குதிரைக்கு அச்சம் குறைவு; எந்தப் பக்கமும் ஓடலாம். சந்தையிலோ ஓட வழியில்லை. கடைகளின் மேலே கட்டிய தார்ப்பாய் காற்றில் படபடக்கிறது. சாத்தே சுடும் அடுப்பிலிருந்து புகை எழுகிறது. குழந்தையின் கையிலுள்ள பலூன் ஆடுகிறது. பின்புறம் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிச் செல்கிறது. மனிதருக்கு இவை அன்றாடக் காட்சிகள். பழக்கப்படாத குதிரைக்கோ இவை ஒவ்வொன்றும் ‘ஓடு’ என்னும் எச்சரிக்கை. ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுள்ள விலங்கு கூட்டத்தில் மிரண்டு ஓடினால் நேரக்கூடிய விபரீதத்தைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குதிரை அங்கே அமைதியாக நிற்க வேண்டும் என்பதே குதிரைக் காவலரின் முதல் பாடம்.

பழக்கும் முறை

ஓடாதே என்று குதிரைக்கு ஆணையிட்டுப் பயனில்லை. அடித்துப் பழக்கினாலும் பயனில்லை. பலூனைக் கண்டு மிரண்ட குதிரையை அடித்தால், பலூன் வந்தால் வலியும் வரும் என்றே அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இருமடங்கு மிரளும். ஆகவே, பயிற்றுநர்கள் அச்சத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் வழியைப் பின்பற்றுகின்றனர்.

முதலில் ஒரு குடை தொலைவில் மூடிய நிலையில் காட்டப்படும். குதிரை அதைப் பார்த்து, மோப்பம் பிடித்து, தலையைத் தாழ்த்தும்வரை பயிற்றுநர் காத்திருப்பார். பிறகு குடை சற்று நெருங்கி வரும். பின்னர் மெல்ல விரியும். இவ்வாறே கொடி, மேளம், புகை, தரையில் விரித்த நெகிழித் தாள், கூச்சலிடும் மனிதர்கள் என ஒவ்வொன்றும் அறிமுகமாகும். ஒரு படியில் குதிரை தயங்கினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும். அவசரப்படுபவர்கள் இந்தப் பணிக்குப் பொருந்தமாட்டார்கள்.

குதிரை மந்தை விலங்கு என்பதும் இங்கே கைகொடுக்கிறது. அனுபவமுள்ள குதிரை ஒன்றைப் புதிய குதிரையின் அருகில் நடக்கவிடுவார்கள். மூத்த குதிரை பேருந்தின் ஒலிக்கு அசையாததைக் கண்டு இளையதும் அமைதி கொள்ளும். ரோந்துப் பணிக்கும் குதிரைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே அனுப்பப்படுகின்றன.

குதிரையோடு பேசும் மொழியையும் காவலர் கற்க வேண்டும். சேணத்தில் அமரும் நிலை, அங்கவடியில் பாதத்தை ஊன்றும் முறை, கடிவாளத்தைப் பிடிக்கும் விரல்களின் இறுக்கம் ஆகிய அனைத்தும் குதிரைக்குச் செய்திகளே. காலால் விலாவை மெல்ல அழுத்தினால் முன்னேறு என்று பொருள். குதிரை முன்னேறிய உடனே அந்த அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். சரியாகச் செய்தாய் என்று குதிரைக்குச் சொல்லும் சொல் அதுதான். அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பவரின் கட்டளையைக் குதிரை நாளடைவில் பொருட்படுத்தாது.

ஏறியவரின் இதயம்

குதிரைக்கும் அதன்மீது அமர்ந்தவருக்கும் உள்ள உறவைப் பற்றிச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம்வரை குதிரைகளைச் சிலர் நடத்திச் சென்றனர். சிலர் அவற்றின்மீது ஏறிச் சென்றனர். இவ்வாறு நான்கு முறை சென்றனர். நான்காம் முறை தொடங்குமுன், குதிரை கடந்து செல்லும்போது ஒரு குடை சட்டென்று விரிக்கப்படும் என்று அவர்களிடம் கூறப்பட்டது. உண்மையில் குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும், குடையை எதிர்பார்த்த மனிதர்களின் இதயத் துடிப்பு கூடியது. அவர்களோடு சென்ற குதிரைகளின் இதயத் துடிப்பும் கூடியது. குடையைப் பற்றிக் குதிரைக்கு ஒன்றும் தெரியாது. தன்னை நடத்துபவரின் அச்சத்தை மட்டுமே அது உணர்ந்தது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது. கோபமான முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு விரைவாக உயர்ந்தது. மனித முகத்தில் தெரியும் கோபத்தைக் குதிரை இனங்காண்கிறது என்பதை அது காட்டியது.

குதிரைக் காவலருக்கு இது மிகப் பெரிய பொறுப்பைத் தருகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் காவலர் மனத்தில் சினம் கொண்டாலும் வண்டி சினம் கொள்ளாது. குதிரையோ தன்மீது அமர்ந்தவரின் மனநிலையைச் சுமந்துகொண்டு நடக்கிறது. அவர் பதறினால் அதுவும் பதறும். கூட்டத்தை அமைதிப்படுத்தச் செல்பவர், முதலில் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

கூட்டத்தின் நடுவே

இந்த அமைதியின் பயனை உலகம் 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கண்டது. இலண்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கில் எஃப்.ஏ. கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம். போல்டன் வாண்டரர்ஸ், வெஸ்ட்ஹேம் யுனைடெட் ஆகிய குழுக்கள் மோதவிருந்தன. முறையாக உள்ளே சென்றவர்களின் எண்ணிக்கை மட்டும் 126,047. சுவரேறியும் வாயிலைத் தள்ளியும் மேலும் பல்லாயிரவர் நுழைந்தனர். ஆடுகளம் முழுவதும் மனிதத் தலைகள். ஆட்டத்தைத் தொடங்கவே முடியவில்லை.

அப்போது குதிரைக் காவலர் பலர் களமிறங்கினர். அவர்களுள் ஜார்ஜ் ஸ்கோரி என்பவர் ‘பில்லி’ என்னும் குதிரையில் வந்திருந்தார். பில்லி மூக்காலும் வாலாலும் மக்களை மெல்ல மெல்ல ஒதுக்கியது. மக்கள் கைகோத்துப் பின்னால் நகர்ந்தனர். ஏறத்தாழ 45 நிமிடத் தாமதத்திற்குப் பின் ஆட்டம் தொடங்கியது. பில்லி உண்மையில் சாம்பல் நிறக் குதிரை. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அது வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஆட்டம் ‘வெள்ளைக் குதிரை இறுதியாட்டம்’ என்றே பெயர் பெற்றது. இன்று அந்த அரங்கின் அருகிலுள்ள நடைபாலத்திற்கும் வெள்ளைக் குதிரைப் பாலம் என்பதே பெயர்.

அஞ்சாத குதிரையே சிறந்த காவல் குதிரை என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், இலண்டனின் டூட்டிங் பகுதியில் பறக்கும் குண்டு ஒன்று விழுந்து நான்கு வீடுகளைத் தகர்த்தது. அங்கே பணியிலிருந்த ‘ஓல்கா’ என்னும் காவல் குதிரையின் முன்னே பெரிய கண்ணாடிப் பலகை நொறுங்கி விழுந்தது. ஓல்கா மிரண்டு நூறு கஜம் ஓடியது. பிறகு, தன் காவலரோடு அதே இடத்திற்குத் திரும்பி வந்து, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியிலும் மீட்புப் பணியிலும் துணை நின்றது. போரில் பணியாற்றிய விலங்குகளுக்கு அளிக்கப்படும் டிக்கின் பதக்கம் 1947-இல் அதற்கு வழங்கப்பட்டது. அச்சம் அதனை ஓடச் செய்தது. தன் காவலர்மீது கொண்ட நம்பிக்கை அதனைத் திரும்பி வரச் செய்தது எனலாம்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய பிரிவு உண்டு. சென்னை மாநகரக் காவல் துறையின் குதிரைகள் புதுப்பேட்டையில் உள்ள இலாயத்தில் பராமரிக்கப்படுகின்றன. மெரினா கடற்கரையில் அவை ரோந்து வருவது சென்னை மக்களுக்குப் பழகிய காட்சி. காணும் பொங்கலன்று மெரினாவில் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். மென்மணலில் வண்டிச் சக்கரங்கள் புதையும். நடந்து செல்பவரின் கண்ணுக்கு முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே தெரியும். குதிரைமீது அமர்ந்தவரின் கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அலையை நோக்கி ஓடும் சிறுவனையும், பெற்றோரைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு நிற்கும் குழந்தையையும் அவரால் தொலைவிலிருந்தே காண முடியும். உதவி தேவைப்படுபவரும் அவரை எளிதில் கண்டுகொள்ளலாம்.

குதிரைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் ரேண்ட் ஐரோப்பா நிறுவனமும் பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. குடியிருப்புப் பகுதிகளில் குதிரைக் காவலரை அணுகிப் பேசியவர்கள், நடந்து ரோந்து செல்லும் காவலரை அணுகியவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்று அது கண்டறிந்தது. குதிரையின் பெயரென்ன, தொட்டுப் பார்க்கலாமா என்று பேச்சுத் தொடங்குகிறது. காவலரைக் கண்டு ஒதுங்கும் சிறுவனும் குதிரையைக் காண நெருங்கி வருகிறான். அப்படித் தொடங்கும் பேச்சு, அக்கம்பக்கத்துக் குறைகளைச் சொல்லும் துணிவாகவும் வளரக்கூடும்.

குதிரையைத் தொட விரும்புவோர் முதலில் காவலரின் அனுமதியைப் பெற வேண்டும். பின்புறமாக ஒருபோதும் நெருங்கக் கூடாது. குதிரை பார்க்கும் வகையில் தோள் பக்கமாக மெதுவாகச் சென்று, கழுத்தைத் தடவிக் கொடுப்பதே முறை.

மனிதரின் கடன்

இவ்வளவு பயன் இருந்தாலும் குதிரைப் பிரிவு எல்லா ஊருக்கும் ஏற்றதன்று. மும்பை காவல் துறை 1932-இல் தன் குதிரைப் பிரிவைக் கலைத்தது. மோட்டார் வாகனங்கள் பெருகிய சாலைகளில் குதிரைக்கு இடமில்லாமல் போனது. நெரிசலான இடங்களிலும் கடற்கரையிலும் கண்காணிப்புக்கு உதவும் என்று கருதி, 88 ஆண்டுகளுக்குப் பின் 2020-இல் அப்பிரிவு மீண்டும் அறிவிக்கப்பட்டது. கோலாலம்பூரும் மாறிய நகரமே. இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் சிலாங்கூர் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது.

குதிரையைப் பேணுவது எளிதன்று. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோகிராம் தீவனம் உண்ணும். 25 லிட்டருக்குக் குறையாமல் நீர் பருகும். அதன் இரைப்பை சிறியது. ஆகவே, சிறிது சிறிதாகப் பல முறை உண்ண வேண்டும். அதனால் வாந்தி எடுக்க முடியாது. எனவே, கெட்டுப்போன தீவனம் அதன் உயிருக்கே கேடாகலாம். குளம்பைச் செதுக்கி, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தை மாற்ற வேண்டும். வழவழப்பான சாலையில் சாதாரண இரும்பு லாடம் வழுக்கும். அதற்கேற்ற சிறப்பு லாடங்கள் தேவை.

மலேசியா போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாட்டில் இன்னொரு கவலையும் உண்டு. குதிரையும் மனிதரைப் போலவே வியர்த்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. சில குதிரைகளுக்கு இத்தகைய தட்பவெப்பத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். அப்போது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயரும். ஆகவே, வெயில் தணிந்த நேரத்தில் பணிக்கு அனுப்புவதும், திரும்பியவுடன் நீரூற்றிக் குளிர்விப்பதும், இழந்த உப்பைத் தீவனத்தில் சேர்த்துக் கொடுப்பதும் இன்றியமையாதவை. குதிரைக் காவலரின் வேலை நாளில் சேணத்தில் அமரும் நேரத்தைப் போலவே இலாயத்தில் உழைக்கும் நேரமும் பெரிது. சாணத்தை அள்ளுவது, உடலைத் தேய்த்து விடுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது என அவருக்கு ஓயாத வேலை. அந்தக் கைகளின் பழக்கத்தில்தான் குதிரையின் நம்பிக்கை வளர்கிறது.

அந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். அஞ்சி நிற்கும் மக்கள்மீது குதிரையை வேகமாகச் செலுத்தினால் மனிதரும் காயமுறுவர், குதிரையும் காயமுறும். தனக்கு இடப்பட்ட கட்டளை முறையானதா என்று குதிரையால் கேட்க முடியாது. கேட்க வேண்டியவர் அதன்மீது அமர்ந்தவரும் அவருக்கு ஆணையிடுபவருமே.

குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். பணியில் இருக்கும் காலம் அதைவிடக் குறைவு. மூட்டு வலுவிழந்து, ரோந்துக்கு உதவாத நிலை வந்த பிறகும் அதன் முன்னே பல ஆண்டுகள் இருக்கும். நன்கு நடத்தப்படும் பிரிவுகள் அத்தகைய குதிரைகளை அன்போடு பேணுவோரிடம் ஒப்படைக்கின்றன. அல்லது தாங்களே வைத்துக் காக்கின்றன. ஓடித் தப்பிக்கும் இயல்போடு பிறந்த விலங்கு, மனிதரை நம்பி, ஓடாமல் நின்றது. முதுமையில் அதற்குப் புல்லும் நீரும் நிழலும் தருவது, அது உழைத்து ஈட்டிய ஊதியமாகும்.